ஷேல் எரிவாயுக் கழிவுநீரில் உயிரியல் சுத்திகரிப்பு: உப்பில் நுண்ணுயிர் பிழைக்குமா, பிழைத்தாலும் பயனுண்டா?

பொங்கோல் மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் இறுதியாண்டு பயில்கிறேன். ஷேல் என்னும் படிவுப் பாறைக்குள் சிக்கியிருக்கும் எரிவாயுவை எடுக்கும் கிணறுகளிலிருந்து வெளிவரும் கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரிப்பது எங்கள் குழுவின் திட்டப்பணித் தலைப்பாக அமைந்திருக்கிறது. சிங்கப்பூரில் அத்தகைய கிணறு ஒன்றுகூட இல்லை என்றாலும், நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைப்பதால், அந்த எரிவாயுவோடு சேர்ந்து வெளிவரும் நீருக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வது நமக்குத் தொடர்பற்ற விஷயம் அன்று என்று எங்கள் விரிவுரையாளர் கூறினார்.

படித்த ஆய்வுக் கட்டுரைகள் குழப்பத்தையே தருகின்றன. சிலவற்றில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளில் பெரும்பகுதியை ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடுகின்றன. வேறு சிலவற்றில் உப்பின் கடுமையால் உயிரியல் கலனே செயலிழந்துவிடுகிறது. எதை நம்புவது? பாறையைப் பிளக்கும் நீரைக் கெட்டியாக்கச் சேர்க்கும் குவார் பசை, அசிட்டேட், சாதாரண உப்பு மூன்றையும் கலந்து செயற்கைக் கழிவுநீர் தயாரித்துச் சோதிக்கத் திட்டமிட்டுள்ளோம். இத்துறையில் அனுபவமுள்ளோர் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உவர்நீர் எழுதியது:

நீங்கள் படித்த இரு வகை முடிவுகளும் அந்தந்த நீருக்குச் சரியானவையே. ஷேல் கழிவுநீர் என்ற பெயரில் உலகெங்கும் ஒரே மாதிரியான நீர் வருவதில்லை என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான நீர்ச் சுத்திகரிப்புக் கலன்களை வடிவமைக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், ஒரு நீர் மாதிரி கைக்கு வந்ததும் அது எந்தப் படுகையிலிருந்து வந்தது, கிணறு திறந்து எத்தனை நாளானது என்ற இரண்டையும் கேட்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

ஒரு கிணற்றில் பாறையைப் பிளப்பதற்குப் பத்தாயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட நீரை, மணலோடும் சிறிதளவு வேதிப்பொருள்களோடும் கலந்து பெரும் அழுத்தத்தில் உட்செலுத்துகிறார்கள். அதில் ஒரு பகுதிதான் மேலே திரும்புகிறது. முதல் சில நாள்களில் வருவது பெரும்பாலும் உட்செலுத்திய நீரே. அதில் உப்பு குறைவாகவும் சேர்த்த வேதிப்பொருள்கள் மிகுதியாகவும் இருக்கும். நாள்கள் செல்லச்செல்ல, பாறைக்குள் பல கோடி ஆண்டுகளாகத் தங்கியிருந்த உவர்நீரின் தன்மை மேலோங்கி, உப்பளவு ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் படுகையில் இது லிட்டருக்கு 2,00,000 மில்லிகிராமையும் தாண்டுவதுண்டு. கடல்நீரின் உப்பளவோ 35,000 மட்டுமே. சீனாவின் சிச்சுவான் படுகையிலுள்ள வெய்யுவான் பகுதியில் 20,000 அளவிலான நீரும் வருகிறது. வெய்யுவான் நீரில் உயிரியல் முறை நன்றாக வேலை செய்தது என்று ஒருவரும், மார்செல்லஸ் நீரில் தோற்றுப்போனது என்று மற்றொருவரும் எழுதினால் அதில் முரண்பாடே இல்லை.

கரிமப் பொருள்களும் இப்படித்தான் வேறுபடும். குவார் பசை, அசிட்டேட் போன்றவை நுண்ணுயிர்களுக்கு விருந்து. கிளைக்கால் (glycol) வகைகளும் பெரும்பாலும் சிதைந்துவிடும். உராய்வைக் குறைப்பதற்காகச் சேர்க்கும் பாலியக்ரிலமைடு எளிதில் மசிவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லியாகச் சேர்க்கும் குளுட்டரால்டிகைடு குறைந்த செறிவில் உணவாகவும், கூடிய செறிவில் நஞ்சாகவும் அமையும்.

காற்றூட்டி எழுதியது:

தம்பி, உப்பு என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டதைக் கொண்டு சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் உயிர்ப்புச் சேற்றுத் தொட்டிகளை, அதாவது கழிவைத் தின்னும் நுண்ணுயிர்த் திரள் வளரும் தொட்டிகளை, கவனிப்பதே என் வேலையாக இருந்தது. ஒரு முறை, முன்னறிவிப்பு எதுவுமின்றி, உவர்நீர் ஒரு பெருந்தொகையாக எங்கள் பக்கம் திருப்பிவிடப்பட்டது. வழக்கமாக ஒரு லிட்டர் அளவு உருளையில் சேற்று நீரை ஊற்றி வைத்தால் அரைமணி நேரத்தில் சேறு கீழே படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அன்று மேலே நின்ற நீர் சாதம் வடித்த கஞ்சியின் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, காம்பின் முனையில் மணி போலத் தொங்கி ஓயாமல் சுருங்கி விரியும் வோர்ட்டிசெல்லாக்களில் ஒன்றைக்கூடக் காண முடியவில்லை. முதலில் காணாமற்போவது அவைதாம். பாக்டீரியாக்களை மேய்ந்து நீரைத் தெளிய வைக்கும் அந்த ஓரணு உயிர்கள் போய்விட்டால் வெளியேறும் நீர் கலங்கலாகவே இருக்கும்.

சாதாரணச் சேறு ஒரு விழுக்காடு உப்பை (லிட்டருக்கு ஏறத்தாழ 10,000 மில்லிகிராம்) கடந்தாலே தடுமாறத் தொடங்கும். ஊறுகாய் கெடாமலிருப்பதற்கு எது காரணமோ அதுவே இங்கும் காரணம்: வெளியில் உப்பு மிகும்போது உயிரணுவுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு அது சுருங்கிப்போகிறது. ஆயினும் படிப்படியாக உப்பைக் கூட்டிப் பழக்கினால், உயிரணுவுக்குள் ஈடுகட்டும் பொருள்களைச் சேமித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் ஹாலோமோனாஸ், மரினோபாக்டர் போன்ற உப்புவிரும்பிகள் மேலோங்கி வரும். அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். நிலையாக இருக்கும் 5 விழுக்காடு உப்பை அவை தாங்கிக்கொள்ளும்; இன்று 2, நாளை 6, மறுநாள் 3 என்று ஆட்டம் காட்டினால் தாங்கமாட்டா. ஆகவே ஷேல் நீருக்குப் பெரிய சமன்படுத்தும் தொட்டி இல்லாமல் உயிரியல் கலன் அமைப்பதை என்னால் ஏற்க இயலாது.

தெம்பனிஸ் வாசகர் எழுதியது:

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். வீட்டுக் கழிவுநீரையே குடிக்கத்தக்க நியூவாட்டராக மாற்றும் நுட்பம் இருக்கும்போது, இந்த நீரையும் நகராட்சிச் சாக்கடையில் கலந்து, வழக்கமான ஆலையிலேயே சுத்திகரித்துவிடக் கூடாதா?

உவர்நீர் எழுதியது:

அதைத்தான் பென்சில்வேனியாவில் சில ஆண்டுகள் செய்து பார்த்தார்கள். நகராட்சி ஆலைகள் கரிமப் பொருளை நீக்கும் நோக்கில் கட்டப்பட்டவை. உப்பு ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் அப்படியே வெளியேறிவிடும். 2008ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மொனோங்கஹீலா ஆற்றில் கரைந்த உப்புகளின் அளவு குடிநீர் வரம்பைத் தாண்டியது. அந்நீரோடு வந்த புரோமைடு இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கீழ்ப்பகுதியிலுள்ள குடிநீர் ஆலைகள் குளோரின் சேர்க்கும்போது, புரோமின் கலந்த டிரைஹலோமீத்தேன்கள் என்ற தீங்கான துணைப்பொருள்கள் உருவாயின. 2011ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் இவ்வாறு அனுப்புவதை நிறுத்துமாறு மாநிலச் சுற்றுச்சூழல் துறை நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2016இல் அமெரிக்கக் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், மரபுசாராக் கிணறுகளின் நீரை நகராட்சி ஆலைகளுக்கு விடுவதைத் தடைசெய்து விதி வகுத்தது.

நம் ஊரில் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடிய தொழிற்சாலை நீருக்கு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், குளோரைடு 1,000 மில்லிகிராம் என வரம்பு இருக்கிறது. நியூவாட்டர் ஆலையின் சவ்வுகள் குறைந்த உப்புள்ள நீருக்கென அமைந்தவை. அந்த வரம்பைத் தளர்த்தினால் முதலில் பாதிக்கப்படுவது அந்தச் சவ்வுகளும் அவற்றுக்கு ஆகும் மின்செலவும்தான்.

துவாஸ் வேதியர் எழுதியது:

இந்த இழையில் எல்லாரும் நுண்ணுயிர் உப்பில் பிழைக்குமா என்றே பேசுகிறீர்கள். பிழைக்கட்டும், ஆனால் எதற்காக? அமெரிக்காவின் மார்செல்லஸ் படுகையில் ஷேல் எரிவாயு நிறுவனங்கள் கழிவுநீரின் பெரும்பகுதியை அடுத்த கிணற்றைப் பிளப்பதற்கே மீண்டும் பயன்படுத்துகின்றன. எஞ்சியது ஆழ்கிணறுகளில் உட்செலுத்தப்படுகிறது. அடுத்த கிணற்றுக்கு அனுப்ப, மிதக்கும் திடப்பொருளையும் இரும்பையும் அளவுகடந்த படிவுகளையும் நீக்கினால் போதும். உப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அதைத் தாங்கும் உராய்வு குறைப்பான்களை வேதிப்பொருள் நிறுவனங்கள் எப்போதோ விற்கத் தொடங்கிவிட்டன. கரைந்த கரிமப் பொருளைப் பற்றி அங்கு எவரும் கவலைப்படுவதில்லை.

மேலும், கிணற்றிலிருந்து நீர் பெருவெள்ளமாக வருவது முதல் சில வாரங்களில்தான். பிறகு அது மெல்லிய ஒழுக்காகிவிடும், துளையிடும் குழுவோ அடுத்த இடத்துக்குப் பெயர்ந்துவிடும். காற்றூட்டி ஐயா சொல்வதுபோல் சேற்றைப் பழக்கவே வாரக்கணக்கில் ஆகுமென்றால், பழகி முடிக்கும்போது சுத்திகரிப்பதற்கு நீரே இராது. ஆய்வுக் கட்டுரை எழுத இது நல்ல தலைப்பு. களத்தில் இதற்கு இடம் சொற்பம் என்பதே என் கருத்து.

உவர்நீர் எழுதியது:

வேதியர் சொல்வதில் பாதியை மறுப்பின்றி ஏற்கிறேன். அடுத்த கிணற்றுக்கு உடனே போகும் நீருக்கு உயிரியல் கலன் தேவையில்லை. கிணற்றுக்குக் கிணறு தூக்கிச்செல்லும் சிறு கலன் என்ற யோசனையும் எனக்கு உடன்பாடானதன்று. பல கிணறுகளின் நீரைச் சேர்த்துப் பெறும் நடுவண் ஆலைக்கே இது பொருந்தும்.

ஆனால் "கவலைப்படுவதில்லை" என்பதை ஏற்க இயலவில்லை. அடுத்த கிணறு தயாராகும்வரை நீரைத் திறந்த குளங்களில் தேக்கிவைக்கிறார்கள். அதில் குவார் போன்ற இனிய உணவு எஞ்சியிருந்தால், நாம் அழைக்காமலேயே உயிரியல் வினை தொடங்கிவிடும், அதுவும் காற்றில்லாத அடியாழத்தில். ஷேல் கிணறுகளில் அடிக்கடி காணப்படும் ஹாலனேரோபியம் என்ற பாக்டீரியா கடும் உப்பிலும் செழிக்கும். சர்க்கரைப் பொருள்களை நொதிக்கவைத்து அமிலம் உண்டாக்கும். தயோசல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். குளம் நாறும், குழாய் அரிக்கும், எரிவாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு ஏறும். அதைத் தடுக்க மேலும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொட்டுவார்கள். அந்த உணவைக் காற்றூட்டிய தொட்டியில் முன்கூட்டியே தீர்த்துவிடுவது மலிவா, கொல்லி மருந்து மலிவா என்பது ஒவ்வொரு வயலிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

ஆழ்கிணற்று உட்செலுத்தலும் எங்கும் கிடைக்கும் வசதி அன்று. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 2016இல் போனி நகருக்கருகே, இத்தகைய உட்செலுத்தலோடு தொடர்புபடுத்தப்பட்ட 5.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்ட பின் அங்குக் கட்டுப்பாடுகள் இறுகின. பென்சில்வேனியாவில் உட்செலுத்தும் கிணறுகள் மிகச் சிலவே. அங்கிருந்து நீரை லாரிகளில் ஏற்றி ஒஹாயோவுக்கு அனுப்பினார்கள்.

உயிரியல் முறை உண்மையில் தன் மதிப்பைக் காட்டுவது, நீர் வயலைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும் இடத்தில்தான். 20,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை ஆர்ஓ சவ்வில் செலுத்தி 70 விழுக்காட்டை நன்னீராக மீட்டால், எஞ்சும் உவர்நீர் ஏறத்தாழ 67,000க்கு வந்து நிற்கும். வழக்கமான கடல்நீர்ச் சவ்வுகள் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அதுவே. இந்தச் சவ்வின்மீது கரிமப் பொருள் படிந்து வழுவழுப்பான உயிர்ப்படலம் வளர்ந்தால் சில வாரங்களிலேயே அழுத்தம் ஏறி, கழுவிக் கழுவி ஓயவேண்டியதுதான். நுண்ணுயிர்கள் தின்ன வேண்டியதைச் சவ்வுக்கு முன்னாலேயே தின்னவைப்பதே முன்சுத்திகரிப்பின் நோக்கம். உப்பு 1,50,000 என்றால் ஆர்ஓவுக்கே வழியில்லை, ஆவியாக்கிதான். அங்கு உயிரியல் முறையைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் ஏதும் தெரியவில்லை.

நொய்யல்கரை எழுதியது:

இந்த விவாதத்தைப் படிக்கும்போது எங்கள் திருப்பூரை ஒதுக்கிவிட்டுப் பேச முடியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு எல்லாரும் மாறியாக வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் வருவதற்கு முன் அங்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பணியாற்றினேன். முதலில் உயிரியல் தொட்டி, அதன்பின் ஆர்ஓ, அதன்பின் ஆவியாக்கி என்ற வரிசையே அங்கும். உயிரியல் தொட்டி சரியாக இயங்காத நாளில் ஆர்ஓ பிரிவில் இருப்பவர்கள் முதலில் எங்களைத்தான் திட்டுவார்கள். சேறு நலமாக இருந்தால் எங்களை எவரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

துவாஸ் வேதியர் சொன்ன மறுபயன்பாடும் எங்களுக்குப் புதிதன்று. சாயமேற்ற உப்பு வேண்டும் என்பதால், செறிவான உவர்நீரையே நிறம் நீக்கிச் சாயக் கொப்பரைக்குத் திருப்பி அனுப்பினோம். அங்கும் கரிமப் பொருள் எஞ்சியிருந்தால் துணியில் நிறம் சீராக ஏறாது. எல்லா நுட்பமும் கடந்த பின்னும் மிஞ்சுவது கலப்பு உப்பு மூட்டைகள்தாம். அவற்றை வாங்குவோர் இல்லாமல் கூரையடியில் அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்: சிச்சுவானில் ஆர்ஓவுக்குப் பின் எஞ்சும் உவர்நீருக்கு யார் பொறுப்பு?

உவர்நீர் எழுதியது:

பெரும்பாலும் ஆவியாக்கிப் படிகமாக்குவதே வழி, அந்த உப்பின் தூய்மைதான் அதன் விலையை முடிவுசெய்கிறது. கரிமப் பொருள் எஞ்சினால் உப்பு பழுப்பாக வரும், வாங்க ஆளிருக்காது. அந்த வகையிலும் முன்னால் இருக்கும் உயிரியல் கலனுக்கு ஒரு பங்கு உண்டு. திருப்பூர் மூட்டைகளைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே.

நெறியாளர் எழுதியது:

காவிரிப் படுகை ஹைட்ரோகார்பன் திட்டங்கள் குறித்து வந்த சில மறுமொழிகளைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். மன்னார்குடிப் பகுதியில் பேசப்பட்டது நிலக்கரிப் படுகை மீத்தேன். அதன் நீரும் நுட்பமும் வேறு. இங்கு ஷேல் கழிவுநீரைப் பற்றி மட்டும் தொடருங்கள்.

பொங்கோல் மாணவன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வெய்யுவான் நீரைப்போல லிட்டருக்கு 20 கிராம் உப்பு வைத்துச் சோதனையைத் தொடங்கினோம். ஒரு புதிர் எழுந்துள்ளது. சிஓடி அளவு (கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜனின் அளவு), நாங்கள் சேர்த்த குவார், அசிட்டேட் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டதைவிட மிகக் கூடுதலாகக் காட்டுகிறது. இரண்டு நாள் காற்றூட்டிய பிறகும் சிறிதளவே குறைகிறது. நுண்ணுயிர்கள் வேலை செய்யவில்லை என்று பொருளா?

துவாஸ் வேதியர் எழுதியது:

நுண்ணுயிரைக் குறை சொல்வதற்கு முன் சோதனைக் குப்பியைப் பாருங்கள். சிஓடி குப்பியிலுள்ள டைகுரோமேட், கரிமப் பொருளை மட்டுமன்றிக் குளோரைடையும் ஆக்சிஜனேற்றும். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் சிஓடியாகத் தோன்றக்கூடும். உங்கள் 20 கிராம் உப்பில் குளோரைடு ஏறத்தாழ 12,000 மில்லிகிராம் என்றால், எந்தக் கரிமப் பொருளும் இல்லாமலேயே 2,700 வரை பொய்யான சிஓடி வரலாம். குப்பியிலுள்ள பாதரச சல்பேட் இதைத் தடுப்பதற்காகவே சேர்க்கப்பட்டிருக்கிறது; ஆனால் வழக்கமான குப்பி 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைதான் தாக்குப்பிடிக்கும். மாதிரியை ஊற்றியவுடன் தயிர் திரிந்ததுபோல வெள்ளைப் படிவு தோன்றியிருக்குமே? வெள்ளி வினையூக்கி குளோரைடோடு சேர்ந்து வீணாகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கரிமப் பொருள் இல்லாத வெறும் உப்புக் கரைசலை எடுத்து, அதே முறையில் 150 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்து அளந்து பாருங்கள். அதில் என்ன எண் வருகிறதோ அது உங்கள் உப்பின் எண். நம்பகமான வழி, கரைந்த கரிமக் கார்பனை நேரடியாக அளப்பதே. அந்தக் கருவிக்கும் உப்பு பகை என்பதால் நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய குப்பிகளில் பாதரசம் இருப்பதால் அவற்றைத் தொட்டியில் கொட்டிவிடாமல் நச்சுக் கழிவாகச் சேகரித்து ஒப்படையுங்கள்.

உங்கள் செய்முறையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். குவாரும் அசிட்டேட்டும் நுண்ணுயிர்களிடம் மிகவும் கருணை காட்டும் கலவை. குவார் என்பது நாம் பொரியல் செய்யும் கொத்தவரங்காய்ச் செடியின் விதையிலிருந்து எடுப்பது. உலகத் தேவையில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்தே போகிறது. ஆனால் ஷேல் எரிவாயுக் கிணறுகளில் இப்போது பரவலாகப் புழங்குவது பாலியக்ரிலமைடு கலந்த வழுக்குநீர். நுண்ணுயிர்கள் அதன் அமைடு பகுதியிலுள்ள நைட்ரஜனைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். நீண்ட கார்பன் சங்கிலியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். எனவே சிதைவு நடப்பதுபோல அம்மோனியம் ஏறும், கார்பன் குறையாது. ஒரு கலனிலாவது அதைச் சேர்த்துப் பாருங்கள். முடிவு மோசமாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

காற்றூட்டி எழுதியது:

தம்பி, கொல்லப்பட்ட சேறு இட்ட கலன் ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். காற்றூட்டும்போது ஆவியாகிப் போவதையும் சேற்றில் ஒட்டிக்கொள்வதையும் நுண்ணுயிர் தின்றதாகக் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது. உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்று பயந்து காற்றை அளவுக்கு மீறித் திறக்கவும் வேண்டாம்; உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே நிற்பதால் அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும்.

மெய்யான ஷேல் நீரில் அம்மோனியம் தாராளமாக இருக்கும், பாஸ்பரஸ் இராது. அதைச் சேர்க்காவிட்டால் சேறு பட்டினி கிடக்கும். ஒரே தடவையில் கொட்டினாலோ அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். சிறுசிறு அளவாகக் கொடுங்கள். அம்மோனியம் நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும்; அந்த இரண்டாம் கட்டத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் உப்புக்கு மிகவும் அஞ்சுபவை. நைட்ரைட் தேங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சேறு படியாமல் அலைந்தால் கவலைப்படாமல் நெகிழித் துண்டுகளில் உயிர்ப்படலமாக வளர்க்கவும். அல்லது துவாஸ் நீர் மீட்பு ஆலைக்குத் தேர்ந்தெடுத்திருப்பதுபோல் சவ்வைக் கொண்டு சேற்றைப் பிடித்துவைக்கவும்.

நொய்யல்கரை எழுதியது:

அந்தச் சேற்றை இறுதியில் எங்கே கொண்டுபோவது? எங்கள் நிலையத்தில் அதுதான் பெருந்தலைவலி.

உவர்நீர் எழுதியது:

ஷேல் நீரில் அது இன்னும் கூர்மையான கேள்வி. ஆழ்பாறையிலிருந்து ரேடியம் கரைந்து வருகிறது. நுண்ணுயிர் எதுவும் அதை அழிக்காது; இடம் மாற்ற மட்டுமே முடியும். பென்சில்வேனியாவின் பிளாக்லிக் ஓடையில், இத்தகைய நீரைச் சுத்திகரித்து வெளியிட்ட ஆலையின் வாயருகே எடுத்த வண்டலில், மேல்நீரோட்டத்தைவிட ஏறத்தாழ 200 மடங்கு ரேடியம் இருந்ததாக டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். ரேடியத்தைப் பேரியத்தோடு சேர்த்து சல்பேட்டாகப் படியவைப்பதே வழக்கம். அதை உயிரியல் தொட்டிக்கு முன்பே செய்து, படிவைத் தனியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் வாரந்தோறும் வெளியேற்றும் சேறு முழுவதுமே கதிரியக்கக் கழிவாகக் கணக்கிடப்படும் நிலை வரலாம். சல்பேட்டைத் தேவைக்குமேல் சேர்த்தாலும் ஆபத்து; காற்று எட்டாத மூலைகளில் அது சல்பைடாக மாறி, நாம் தவிர்க்க நினைத்த நாற்றத்தையே திரும்பக் கொண்டுவரும்.

துவாஸ் வேதியர் எழுதியது:

இந்த வரிசையில் வைத்தால், நடுவண் ஆலை, மிதமான உப்பு, வெளியேற்றும் கட்டாயம் என்ற மூன்றும் ஒருசேர அமையும் இடத்தில் உயிரியல் முறைக்கு இடமுண்டு என்பதை ஏற்கிறேன். மார்செல்லஸில் அதற்கு இடமில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

பொங்கோல் மாணவன் எழுதியது:

வெறும் உப்புக் கரைசலை அளந்தோம்; வேதியர் ஐயா சொன்னபடியே பெரிய எண் வந்தது. கரிமக் கார்பன் அளவைக்கு மாறிவிட்டோம். நான்கு கலன்கள் வைக்கிறோம்: குவார், பாலியக்ரிலமைடு, இரண்டும் கலந்தது, கொல்லப்பட்ட சேறு. உப்பை 5 கிராமில் தொடங்கிப் படிப்படியாக 20 வரை ஏற்றுவதாக எண்ணம். பாஸ்பேட்டை நாள்தோறும் சிறிதளவு கொடுப்போம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது ஏற்றுவது என்பதை மட்டும் யாரேனும் சொல்வீர்களா?

காற்றூட்டி எழுதியது:

நாள்காட்டியைப் பார்த்து ஏற்றாதீர்கள். வெளிவரும் நீரின் கார்பன் அளவு தொடர்ந்து ஒரே நிலையில் நின்று, உருளையில் மேல்நீர் தெளிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். தெளியவில்லை என்றால் அதே உப்பிலேயே காத்திருங்கள்.